மயக்கம் என்பது உறக்கம் அன்று

அறுவை சிகிச்சைக்கு முந்தைய மாலையில் மயக்கவியல் துறையிலிருந்து ஒருவர் நோயாளியின் படுக்கையருகே வந்து சில கேள்விகள் கேட்பது வழக்கம். பல் ஏதேனும் ஆடுகிறதா, முன்பு எப்போதாவது மயக்க மருந்து கொடுக்கப்பட்டதுண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா, இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்பன போன்ற கேள்விகள். அவை முடிந்ததும் நோயாளி எங்களிடம் ஒன்று கேட்பார். பெரும்பாலும் நாங்கள் கிளம்பும் நேரத்தில், குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "டாக்டர், திரும்ப எழுந்துவிடுவேன் அல்லவா?" உடனிருக்கும் மகளோ மகனோ வாசல்வரை கூடவே வந்து வேறொன்று கேட்பார்: "இதனால் அப்பாவின் ஞாபகசக்தி குறைந்துவிடாதே?"

"ஒன்றும் ஆகாது" என்று தோளைத் தட்டிவிட்டு நகர்வது எளிது. அதனால் அச்சம் தீர்வதில்லை என்பதை இத்தனை ஆண்டுகளில் கண்டிருக்கிறோம். மருந்து மூளைக்குள் என்ன செய்கிறது என்பது ஓரளவு விளங்கினால், எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்சத் தேவையில்லை என்பதும் விளங்கும். அதற்காகவே இக்கட்டுரை.

"தூங்க வைக்கும் ஊசி" என்று எல்லோரும் சொல்கிறோம். குழந்தையிடம் சொல்வதற்கு அதைவிடக் கனிவான சொல் இல்லை. ஆனால் உறங்குகிறவரைத் தட்டினால் விழித்துக்கொள்வார். கொசு கடித்தால் கையை வீசுவார். இரவு முழுவதும் அவருடைய மூளை, ஏறக்குறைய 90 நிமிடங்களுக்கு ஒரு சுற்று என்ற கணக்கில், ஆழ்ந்த உறக்கத்துக்கும் கனவு உறக்கத்துக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. மயக்கத்தில் இந்தச் சுற்று இல்லை. வயிற்றைத் திறந்தாலும் விழிக்காத நிலை உறக்கமாக இருக்க இயலாது. மருத்துவ நோக்கில் அது கோமாவுக்கே நெருக்கமானது. கோமா என்ற சொல்லைக் கேட்டுத் திடுக்கிட வேண்டாம். தலைக்காயத்தாலோ பக்கவாதத்தாலோ வரும் கோமாவில் மூளை சேதமுற்றிருக்கிறது. இங்கு மூளை சேதமுறவில்லை. ஒரு மருந்து அதனைத் தடுத்து நிறுத்தி வைத்திருக்கிறது. மருந்து விலகினால் தடையும் விலகும்.

இந்த வேறுபாட்டை நோயாளிகளே நமக்கு உணர்த்துகிறார்கள். இரவில் உறங்கி எழுந்தவருக்குச் சில மணி நேரம் கடந்திருப்பது தெரியும். மயக்கத்திலிருந்து எழுபவரோ, "ஆபரேஷன் எப்போது ஆரம்பிப்பீர்கள்?" என்று கேட்பார். நான்கு மணி நேரம் கடந்திருக்கும். அவருக்கு அது ஒரு கணம்கூட இல்லை.

மருந்து செய்வது என்ன?

இன்று பெரும்பாலான இடங்களில் மயக்கத்தைத் தொடங்கப் பயன்படும் மருந்து புரோபோஃபால். 1986-ஆம் ஆண்டு வழக்கத்துக்கு வந்தது. பால் போல வெண்மையாக இருப்பதைப் பார்த்துப் பலர் வியப்பதுண்டு. மருந்து தண்ணீரில் கரையாது. ஆகவே சோயா எண்ணெயும் முட்டையின் மஞ்சள் கருவிலிருந்து எடுக்கும் லெசித்தினும் சேர்த்துக் குழம்பாக்கியிருக்கிறார்கள். வெண்மை அதனால் வந்தது. கையில் ஏறும்போது சிலருக்குச் சுருக்கென்று எரியும். அது சில வினாடிகளில் அடங்கிவிடும்.

நரம்பில் செலுத்திய மருந்து இதயத்தைக் கடந்து மூளையை அடைய அரை நிமிடம் அளவே ஆகும். மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்புச் செல்கள் உள்ளன. அவற்றுள் சில மற்றச் செல்களைத் தூண்டுபவை, சில அடக்குபவை. அடக்கும் செல்கள் காபா என்னும் வேதிப்பொருளைச் சுரந்து, "சற்றுப் பொறு" என்று அண்டைச் செல்லுக்குச் சொல்கின்றன. அந்தச் செய்தியைப் பெற அண்டைச் செல்லின் மேற்பரப்பில் ஏற்பிகள் என்னும் சிறு வாயில்கள் இருக்கின்றன. காபா வந்து ஒட்டியதும் வாயில் திறந்து குளோரைடு அயனிகள் உள்ளே புகும். செல் எளிதில் கிளர்ச்சியுறாத நிலையை அடையும். புரோபோஃபால் இதே வாயிலில் வேறோர் இடத்தில் ஒட்டிக்கொண்டு, அது திறந்திருக்கும் நேரத்தை நீட்டுகிறது. செவோஃப்ளூரேன் போன்ற மயக்க வாயுக்களும் பெருமளவு இவ்வழியிலேயே செயல்படுகின்றன. ஆக, மூளையிடம் முன்பே இருக்கும் தடைக்கருவியை அழுத்திப் பிடிப்பதுதான் இம்மருந்துகளின் வேலை. புதிதாக எதையும் அவை உண்டாக்குவதில்லை.

ஆயினும், "செல்கள் அடங்கின, மனிதர் மயங்கினார்" என்று முடித்துவிட முடியவில்லை. மயக்கத்திலிருக்கும் மூளை அமைதியாக இல்லை. நெற்றியிலும் தலையிலும் மின்முனைகளை ஒட்டி அதன் மின் அலைகளைப் பதிவு செய்தால், விழித்திருக்கும் மூளையைவிடப் பெரிய அலைகளைக் காண்கிறோம். புரோபோஃபால் கொடுக்கும்போது இரண்டு வகை அலைகள் மேலோங்குகின்றன. ஒன்று, வினாடிக்கு ஒரு முறைக்கும் குறைவாக எழுந்து விழும் மிக மெதுவான அலை. மற்றது, வினாடிக்கு 8 முதல் 12 முறை துடிக்கும் ஆல்ஃபா அலை. இது மூளையின் முன்பகுதியில் மிகுந்த ஒழுங்கோடு தோன்றுகிறது.

ஒழுங்கு இருந்தால் நல்லதுதானே என்று தோன்றலாம். தேர் இழுக்கும் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். ஆயிரம் பேர் ஒரே குரலில் முழங்கும்போது பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு செய்தி சொல்ல இயலுமா? விழித்திருக்கும் மூளை சந்தைக்கூட்டம் போன்றது. ஒவ்வொருவரும் வேறு வேறு பேசுகிறார்கள், அதனால் செய்தி நகர்கிறது. புலன்களிலிருந்து வரும் தகவலைப் புறணிக்கு அனுப்பும் தலாமஸ் என்னும் மையமும் முன்மூளையும் ஆல்ஃபா தாளத்தில் ஒன்றாகக் கட்டுண்டுவிட்டால், அப்பாதையில் வேறு செய்தி செல்ல இடமில்லை.

மெதுவான அலையின் கதை இன்னும் வியப்புக்குரியது. வலிப்பு நோய்க்கான சிகிச்சைக்காக மூளைக்குள் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்த சிலருக்கு, அடுத்த அறுவை சிகிச்சைக்காகப் புரோபோஃபால் கொடுக்கப்பட்டபோது, தனித்தனி நரம்புச் செல்களையே அமெரிக்க ஆய்வாளர்கள் கவனித்தார்கள். 2012-இல் வெளியான அவ்வாய்வில், சுயநினைவு நீங்கும் அதே வேளையில் மெதுவான அலை தொடங்கியது தெரிந்தது. செல்கள் முற்றிலும் நின்றுவிடவில்லை. அலையின் ஒரு கட்டத்தில் செயல்பட்டன, மறுகட்டத்தில் ஓய்ந்தன. ஆனால் மூளையின் ஓரிடம் செயல்படும் நேரமும் தொலைவிலுள்ள மற்றோரிடம் செயல்படும் நேரமும் பொருந்தவில்லை. ஊரில் ஒவ்வொரு தெருவிலும் மின்சாரம் விட்டுவிட்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இத்தெருவில் வரும்போது அத்தெருவில் இல்லை. கம்பி எங்கும் அறுபடவில்லை. இருந்தும் இரு தெருக்களும் பேசிக்கொள்ள முடியாது. சுயநினைவு என்று நாம் சொல்வது மூளையின் ஏதோ ஓர் அறையில் எரியும் விளக்கு அன்று, பல பகுதிகள் ஓயாமல் பேசிக்கொள்வதால் நிலைத்திருப்பது என்ற கருத்துக்கு இத்தகைய ஆய்வுகள் வலுவூட்டுகின்றன.

இத்தாலியில் மார்செல்லோ மஸ்ஸிமினியும் அவருடைய குழுவினரும் இதையே வேறு வழியில் சோதித்தனர். தலைக்கு வெளியே ஒரு காந்தச் சுருளை வைத்து மூளையின் ஓரிடத்தை மெல்லத் தட்டினார்கள். விழித்திருப்பவரிடம் அந்தத் தட்டலின் எதிரொலி பல பகுதிகளுக்கும் பரவி, உருமாறி, சற்று நேரம் நீடித்தது. புரோபோஃபால் கொடுத்தவரிடம் தட்டிய இடத்திலேயே எழுந்து அங்கேயே அடங்கியது. குளத்தில் எறிந்த கல்லுக்கும் சேற்றில் எறிந்த கல்லுக்கும் உள்ள வேறுபாடு போல.

எல்லா மருந்துகளும் ஒரே வழியில் செல்வதில்லை. கீட்டமின் காபா வாயில்களை நாடுவதில்லை; செல்களைத் தூண்டும் வேறொரு ஏற்பியை அடைக்கிறது. அதைப் பெற்றவரின் கண்கள் திறந்தே இருக்கலாம், வலி தெரியாது, அழைத்தால் மறுமொழி வராது. ஆனால் உள்ளே விசித்திரமான கனவு ஓடிக்கொண்டிருக்கும். அவரிடம் காந்தத் தட்டலைச் சோதித்தால் எதிரொலி விழித்திருப்பவரைப் போலவே விரிந்து பரவுகிறது. புறத்தே மறுமொழி இல்லை என்பதால் அகத்தே ஒன்றும் இல்லை என்று கொள்ளலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. விபத்துப் பிரிவில் கீட்டமின் பெற்ற உறவினர் மிதப்பது போலவும் உடலைவிட்டு விலகியது போலவும் பேசினால் கலங்க வேண்டாம். மருந்து அடங்கும்போது அதுவும் அடங்கும். டெக்ஸ்மெடிடோமிடின் என்னும் இன்னொரு மருந்து, மூளைத்தண்டில் விழிப்பைக் காக்கும் ஒரு சிறு செல்தொகுதியைத் தணிக்கிறது. உண்மையான உறக்கத்துக்கு மிக அருகில் வருவது அதுவே. அதைப் பெற்றவரைப் பெயர் சொல்லி அழைத்தால் கண் திறந்து பேசுவார், விட்டால் மீண்டும் உறங்குவார்.

மயக்க மருந்தின் பொது வரலாறு 1846 அக்டோபர் 16 அன்று தொடங்குவதாகச் சொல்வர். அன்று பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மார்ட்டன் என்னும் பல் மருத்துவர் ஈதர் கொடுக்க, வாரன் என்னும் அறுவை மருத்துவர் ஒருவரின் கழுத்துக் கட்டியை அகற்றினார். அதன்பின் நூற்றாண்டுக்கும் மேலாக, இம்மருந்துகள் செல்களின் கொழுப்புப் படலத்தில் கரைந்து வேலை செய்கின்றன என்றே பெரும்பாலோர் நம்பினர். 1984-இல் லண்டனில் ஃபிராங்ஸ், லீப் என்னும் இருவர், மின்மினிப்பூச்சியின் ஒளிக்குக் காரணமான புரதத்தைத் தனியே எடுத்து, கொழுப்பு சிறிதும் இல்லாத சோதனையில் மயக்க மருந்துகளைச் சேர்த்தனர். புரதத்தின் வேலை தடைப்பட்டது. மருந்துகள் புரதங்களையே நேரடியாகப் பற்றுகின்றன என்ற இன்றைய புரிதல் அங்கிருந்து வலுப்பெற்றது. அதற்கு முன்பே, 19-ஆம் நூற்றாண்டில், பிரான்சின் கிளாட் பெர்னார்ட் தொட்டாற்சிணுங்கிச் செடிக்கு ஈதர் காட்டி, தொட்டாலும் இலை சுருங்காமல் இருப்பதைக் கண்டிருந்தார். மூளையே இல்லாத செடியும் மயங்குகிறது! நரம்புகளுக்கும் முந்தைய, உயிருள்ள செல்களுக்கே பொதுவான ஏதோ ஒன்றை இம்மருந்துகள் தொடுகின்றன என்று எங்களுக்குத் தோன்றுவதுண்டு.

"திரும்ப எழுந்துவிடுவேன் அல்லவா?"

இப்போது அந்த முதல் கேள்விக்கு வருவோம். ஒரு முறை செலுத்திய புரோபோஃபாலின் மயக்கம் பத்து நிமிடங்கள்கூட நீடிப்பதில்லை. மருந்து மூளையிலிருந்து தசைக்கும் கொழுப்புக்கும் இடம்பெயர்ந்துவிடுகிறது. கல்லீரல் அதைச் சிதைத்துவிடுகிறது. மூன்று மணி நேர அறுவை சிகிச்சை என்றால், அந்த மூன்று மணி நேரமும் மருந்தையோ வாயுவையோ தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். வாயுவாயின் அது நுரையீரல் வழியாகவே வெளியேறிவிடும். நோயாளியை எழுப்புவதற்கென்று தனி மருந்து எதுவும் இல்லை. கொடுப்பதை நிறுத்துகிறோம், அவர் எழுகிறார். எங்கள் உழைப்பெல்லாம் அவரை எழுப்புவதில் இல்லை. ஒவ்வொரு நிமிடமும் சரியான ஆழத்தில் நிறுத்தி வைப்பதிலும், அந்த நேரத்தில் அவருக்காக மூச்சைக் காப்பதிலும்தான் இருக்கிறது.

மூச்சு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இம்மருந்துகள் மூளைப் புறணியோடு நிற்பதில்லை. மூச்சையும் விழுங்குதலையும் ஆளும் மூளைத்தண்டையும் தாழ்த்துகின்றன. 2009 ஜூன் மாதத்தில் பாடகர் மைக்கேல் ஜாக்சன் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் இறந்ததை வாசகர்கள் அறிந்திருக்கலாம். உறக்கமின்மைக்காக அவருக்கு வீட்டிலேயே கொடுக்கப்பட்ட மருந்து இதே புரோபோஃபால்தான். அறுவை அரங்கில் ஒவ்வொரு நாளும் எத்தனையோ பேருக்குப் பாதுகாப்பாகக் கொடுக்கப்படும் மருந்து அது. அங்கே ஆக்சிஜன் அளவும், மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவும், நாடியும், ரத்த அழுத்தமும் இடைவிடாது கண்காணிக்கப்படுகின்றன. மூச்சுக்குழாயைக் காக்கத் தெரிந்தவர் தலைமாட்டிலேயே நிற்கிறார். வீட்டுப் படுக்கையறையில் அவை எவையும் இல்லை.

பட்டினி இருக்கச் சொல்வதும் இதனால்தான். உணவோ பாலோ உண்டால் 6 மணி நேரம், எண்ணெய்ப் பதார்த்தமோ இறைச்சியோ ஆயின் 8 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், தெளிந்த நீருக்கு 2 மணி நேரம். விழித்திருக்கும்போது ஒரு பருக்கை புரையேறினாலும் இருமித் தள்ளிவிடுகிறோம். மயக்கத்தில் அந்த அனிச்சைச் செயல் இல்லை. இரைப்பையில் உள்ளது மேலெழுந்து நுரையீரலுக்குள் போனால் தடுப்பதற்கு எதுவும் இல்லை. "பாவம், குழந்தை அழுகிறது" என்று பாட்டி இரண்டு பிஸ்கட் ஊட்டிவிட்டால் தயவுசெய்து சொல்லிவிடுங்கள். யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள். நேரத்தைத் தள்ளி வைப்போம், அவ்வளவுதான். மறைத்தால்தான் ஆபத்து.

"நடுவில் விழித்துக்கொண்டால்?"

திரைப்படங்கள் இந்த அச்சத்தை ஊதிப் பெருக்கியிருக்கின்றன என்றாலும் அடிப்படை இல்லாமலில்லை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நாடு தழுவிய அளவில் திரட்டி 2014-இல் வெளியிட்ட கணக்கின்படி, முழு மயக்கம் பெற்றவர்களில் ஏறக்குறைய 19,000 பேரில் ஒருவர், தமக்கு இடையே நினைவு இருந்ததாகப் பின்னர் தெரிவித்தார். தசைத் தளர்ச்சி மருந்து கொடுக்கப்பட்டவர்களில் இது 8,000-இல் ஒருவர். முழு மயக்கத்தில் நடந்த சிசேரியனில் 670-இல் ஒருவர். பெரும்பாலானவை மயக்கம் தொடங்கும்போதோ தெளியும்போதோ நிகழ்ந்தவை. நடு அறுவையில் நிகழ்ந்தவை குறைவு.

தசைத் தளர்ச்சி மருந்து ஏன் இதில் வருகிறது? மூச்சுக்குழாயில் குழாய் பொருத்தவும் வயிற்றுத் தசைகள் இறுக்கமின்றி இருக்கவும் அது தேவை. ஆனால் அது தசையை மட்டுமே தளர்த்துகிறது, மூளையைத் தொடுவதில்லை. மயக்கம் மேலோட்டமாகிவிட்டால், மற்றவர் கையை அசைத்துக் காட்டிக்கொடுத்துவிடுவார். இம்மருந்து பெற்றவரால் இயலாது. இதைச் சோதிக்க 1977-இல் டன்ஸ்டால் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர் எளிய வழியொன்றைச் சொன்னார். ரத்த அழுத்தப் பட்டையை ஒரு கையில் இறுக்கி, தளர்ச்சி மருந்து அக்கையை மட்டும் அடையாதபடி செய்து, "கையை அழுத்துங்கள்" என்று கேட்பது. சிலர் அழுத்துகிறார்கள். பின்னர் கேட்டால் எதுவும் ஞாபகம் இருப்பதில்லை. சுயநினைவை நீக்கத் தேவைப்படுவதைவிடக் குறைந்த அளவிலேயே மயக்க மருந்துகள் ஞாபகப் பதிவைத் துண்டித்துவிடுகின்றன என்பதே காரணம்.

இன்று எங்களிடம் வேறு துணைகளும் உள்ளன. மூச்சில் வெளிவரும் மயக்க வாயுவின் அளவைக் கருவி காட்டுகிறது. நெற்றியில் ஒட்டும் பட்டை மூளையின் மின் அலைகளைப் படித்து 0 முதல் 100 வரை ஓர் எண்ணாகத் தருகிறது. 40-க்கும் 60-க்கும் இடையே வைத்திருப்பது வழக்கம். எண்ணை மட்டும் நம்புவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. முன்பு சொன்ன கீட்டமின் கொடுத்தால், நோயாளி நன்றாக மயங்கியிருந்தும் எண் ஏறுவதுண்டு. ஆகவே எண்ணோடு அலையையும், அலையோடு மனிதரையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

முன்பு எங்கேனும் அறுவை சிகிச்சையின்போது பேச்சுக் கேட்டது, வலி தெரிந்தது என்ற அனுபவம் உங்களுக்கு இருந்தால், கனவாக இருக்கும் என்று ஒதுக்காமல் எங்களிடம் கூறுங்கள். அதற்கேற்பத் திட்டத்தை மாற்றுவோம். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்யும் முறையை இத்துடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் மருந்து தண்டுவட நரம்புகளை மட்டும் தடுக்கிறது. மூளை விழித்தே இருக்கிறது, பேச்சுக் கேட்பது இயல்பு. மூட்டு மாற்றுச் சிகிச்சையில் எலும்பை அறுக்கும் ஓசை சிலருக்குக் கலக்கம் தரும். விரும்பினால் லேசான மயக்கம் சேர்த்துத் தருவோம்.

மறைக்கப்படும் ஒரு செய்தி

குடிப்பழக்கத்தைப் பற்றிக் கேட்டால், மனைவி அருகில் இருக்கும்போது கணவர் "எப்போதாவது" என்பார். மகன் அருகில் இருந்தால் "விட்டு ரொம்ப நாள் ஆயிற்று" என்பார். மதுவும் அதே காபா வாயில்களைத்தான் தொடுகிறது. நாள்தோறும் குடிப்பவரின் மூளை அந்த அடக்கத்துக்குப் பழகி, ஈடுகட்டத் தன் கிளர்ச்சியை உயர்த்தி வைத்திருக்கிறது. அவருக்கு மயக்க மருந்து கூடுதலாகத் தேவைப்படலாம். அதைவிட முக்கியம், மருத்துவமனையில் சேர்ந்ததால் குடி திடீரென்று நிற்கிறது. இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் நடுக்கம், வியர்வை, இல்லாதவற்றைக் காண்பது, சில வேளை வலிப்பு என்று உயிருக்கே ஆபத்தான நிலை வரக்கூடும். முன்கூட்டியே தெரிந்தால் தடுக்க மருந்து உண்டு. தினமும் போடும் தூக்க மாத்திரைக்கும் இது பொருந்தும். கஞ்சாப் பழக்கத்தையும் மறைக்க வேண்டாம். தனியே பேச வேண்டும் என்று ஒரு சொல் சொன்னால் போதும், உறவினரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டுக்கொள்வோம்.

முதியவர்களின் மூளை

ஞாபகசக்தியைப் பற்றிய கேள்விக்கு ஒரே விடை இல்லை. அமெரிக்காவில் ஆரோக்கியமான 30 பேருக்கு, அறுவை எதுவும் இன்றி, மூன்று மணி நேரம் ஆழ்ந்த மயக்கம் கொடுத்துப் பார்த்தார்கள். 2021-இல் வெளியான அந்த ஆய்வில், விழித்து ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் அவர்களின் கவனம், ஞாபகம், சிந்தனை ஆகியவை மயக்கம் பெறாதவர்களின் நிலையை எட்டிவிட்டன. இளமையும் நலமும் உள்ள மூளை இவ்வளவு விரைவில் மீள்கிறது.

75 வயதான, சர்க்கரை நோயுள்ள, இடுப்பெலும்பு முறிந்த ஒரு பாட்டியின் நிலை வேறு. வயது ஏற ஏற மூளை மருந்துக்கு எளிதில் வசப்படுகிறது. 40 வயதுக்குப் பின் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் மயக்க வாயுவின் தேவை ஏறக்குறைய 6 விழுக்காடு குறைகிறது. அறுவைக்குப் பின் முதல் மூன்று நாட்களில் முதியவர்கள் பலருக்கு டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பம் வருகிறது. மாலையில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் இரவு 2 மணிக்கு மாட்டைக் கட்ட வேண்டும் என்று எழுந்து, டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்குவார். இறந்துபோன தம் அண்ணன் வந்திருப்பதாகச் சொல்வார். காற்றுக் கருப்பு பிடித்தது என்று குடும்பம் கலங்குவதுண்டு. திருநீறு பூசுவதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, செவிலியரையும் அழையுங்கள்.

இதற்கு மயக்க மருந்தே முழுக் காரணம் என்று பலர் எண்ணுகிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பெலும்பு முறிந்த 1,600 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு முழு மயக்கமும் மறுபிரிவுக்கு முதுகு ஊசியும் கொடுத்தனர். 2021-இல் வந்த முடிவின்படி, இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு மனக்குழப்பம் வந்தது. "அம்மாவுக்கு முழு மயக்கம் கொடுக்காதீர்கள், மூளை கெட்டுவிடும்" என்று வற்புறுத்துவோர் இதைக் கருத வேண்டும். அறுவையால் உடலில் எழும் அழற்சி, வலி, நோய்த்தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, சிறுநீர் அடைப்பு, உறக்கமின்மை, அறியாத இடம் எல்லாம் சேர்ந்துதான் பலவீனமான மூளையின் உரையாடலைக் குலைக்கின்றன.

இங்கே எங்களைவிட உடனிருப்பவரால் மிகுதியாகச் செய்ய முடியும். மூக்குக் கண்ணாடி, காதுக் கருவி, பல்செட் மூன்றையும் வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். கண்ணும் காதும் தெளிவில்லாத முதியவருக்கு வார்டு என்பது நிழல்களும் இரைச்சலும் மட்டுமே. நாள் முழுக்க ஆள் மாற்றிக்கொண்டே இராமல், பழகிய ஒருவர் அருகில் இருங்கள். இன்று என்ன கிழமை, இது எந்த இடம், ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று அவ்வப்போது சொல்லுங்கள். மாட்டைப் பற்றிப் பேசினால் வாதாட வேண்டாம்; "தம்பி கட்டிவிட்டான் அப்பா" என்பதே போதும். பகலில் சன்னலைத் திறந்து வையுங்கள், இரவில் கைப்பேசியை அணைத்து வையுங்கள். மருத்துவர் அனுமதித்ததும் உட்கார வைத்து நடக்க வையுங்கள்.

ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஆர்ப்பாட்டம் செய்யும் மனக்குழப்பத்தை எல்லோரும் கவனிக்கிறார்கள். சிலரோ சுவரைப் பார்த்தபடி பேசாமல், உண்ணாமல், அழைத்தால் மெல்லக் கண் திறந்து மூடுகிறார்கள். "அசதி, தூங்கட்டும்" என்று விட்டுவிடுகிறோம். அதுவும் டெலிரியமாக இருக்கலாம். அவர் இயல்பில் எப்படிப்பட்டவர் என்பது உங்களுக்குத்தான் தெரியும். "எங்கள் அம்மா இப்படி இருக்க மாட்டார்" என்று ஒருவர் சொல்வது எங்களுக்கு ரத்தப் பரிசோதனை முடிவைப் போன்றே மதிப்புள்ளது. பெரும்பாலோர் சில நாட்களில் தெளிகிறார்கள். சிலருக்கு வாரங்கள் ஆகும். முன்பே மறதி நோய் தொடங்கியிருந்தவர்களுக்கு அது சற்று முன்னேறியது போல் தோன்றலாம். அந்த மறதியை அறுவைக்கு முன்பே எங்களிடம் சொல்வது நல்லது.

குழந்தைகளைப் பற்றியும் பெற்றோர் கேட்கிறார்கள். குடலிறக்க அறுவை செய்துகொண்ட பச்சிளங் குழந்தைகளில், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான முழு மயக்கம் பெற்றவர்களையும், மயக்கமின்றி முதுகு ஊசி போன்ற முறையில் செய்துகொண்டவர்களையும் 5 வயதில் சோதித்தபோது அறிவுத்திறனில் வேறுபாடு இல்லை. இம்முடிவு 2019-இல் வெளியானது. மூன்று வயதுக்குள் மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட மயக்கமோ பல முறை மயக்கமோ தேவைப்பட்டால் மட்டும், அறுவையைத் தள்ளிப்போட இயலுமா என்று அறுவை மருத்துவரும் நாங்களும் கலந்து பேசுகிறோம்.

அன்றே வீடு திரும்புவோருக்கு ஒரு வேண்டுகோள். கண் திறந்து, காபி குடித்து, தெளிவாகப் பேசுவதால் மூளை முழுதாகத் திரும்பிவிட்டது என்று பொருள் இல்லை. மூச்சும் விழுங்குதலும் முதலில் மீள்கின்றன, பிறகு பேச்சு. வேகமாக வரும் லாரியைக் கண்டு காலை இழுத்துக்கொள்ளும் கணநேரத் தீர்மானம் அவ்வளவு விரைவில் மீள்வதில்லை. அடுத்த 24 மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டாம், அடுப்பருகே தனியே நிற்க வேண்டாம், பத்திரம் எதிலும் கையெழுத்திட வேண்டாம். வீட்டுக்கு அழைத்துச் செல்ல ஒருவரும், அன்றிரவு அருகில் படுத்துக்கொள்ள ஒருவரும் வேண்டும். அவர்கள் யார் என்பதை அறுவை நாளுக்கு முந்தைய மாலையிலேயே எங்களிடம் சொல்லிவிடுங்கள்.